வெளிநாடு போகும் நோயாளிக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு தங்கள் பத்திரிகையில் வெளிநாட்டுப் பயணம் போகிறவர்களுக்கென்று ஒரு முழுப் பக்கம் வந்திருந்தது. கடவுச்சீட்டு, விசா, பெட்டியின் நிறை, கட்டுநாயக்காவில் எத்தனை மணித்தியாலம் முன்னதாக நிற்க வேண்டும் என்பவையெல்லாம் இருந்தன. மருந்தைப் பற்றி ஒரேயொரு வரி: "தேவையான மருந்துகளை எடுத்துச் செல்ல மறக்க வேண்டாம்." நாங்கள் மறக்கவில்லை ஐயா. மூன்று மாதத்துக்கான குளிசைகளை எண்ணி, கைப்பையில் வைத்து, பொன்னைக் காப்பதுபோலக் காத்துக் கொண்டுபோனோம். கொண்டுபோன பிறகு நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

நான் 31 ஆண்டுகள் அரச வைத்தியசாலைகள் பலவற்றில் மருந்தாளராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது உவர்மலையில் வசிக்கிறேன். மனைவிக்கு வயது 67. பதினாறு ஆண்டுகளாக நீரிழிவு, அதற்குத் துணையாக இரத்த அழுத்தம். மகள் கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறாள். இரண்டாவது பிள்ளைப்பேற்றுக்கு அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கேட்டாள். அம்மா போனால் அப்பாவும் போகத்தானே வேண்டும்.

கிளினிக்கில் ஒரு மாதத்துக்கு மருந்து தந்தார்கள். மிச்சத்தைக் கடையில் வாங்கினோம். கடைக்காரரும் ஆயிரம் குளிசை அடங்கிய பெரிய போத்தலிலிருந்து எண்ணித்தான் உறையில் போட்டுத் தந்தார். இப்படியாக நான்கு காகித உறைகள். ஒவ்வொன்றிலும் நீலப் பேனையால் "1-0-1" என்றோ "0-0-1" என்றோ எழுதியிருந்தது. காலை, மதியம், இரவு என்ற கணக்கு அது. எங்கள் ஊரில் எல்லோருக்கும் விளங்கும். மருந்தின் பெயர் எதிலும் இல்லை. யாரையும் குறை சொல்லவில்லை. கவுண்டரின் பின்னால் நின்ற காலத்தில் நானே எத்தனை ஆயிரம் உறைகளில் இப்படி எழுதிக் கொடுத்தேன் என்று கணக்கில்லை. வெளியே கிளினிக் வரிசை மரத்தடி வரை நிற்கும்போது, "கிளிக்ளசைட் எண்பது மில்லிகிராம்" என்று முழுதாக எழுத யாருக்கு நேரம்?

வைத்தியர் மருந்தையும் அளவையும் எழுதும் கிளினிக் கொப்பியை வீட்டிலேயே விட்டுவிட்டோம். மட்டை கிழிந்து, ஓரமெல்லாம் தேநீர்க் கறை படிந்த பழைய கொப்பி. அதைக் கனடாவுக்குக் கொண்டுபோய் யாருக்குக் காட்டப்போகிறோம் என்று மனைவி கேட்டார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அந்த இடத்தில் ஒடியல் மா ஏறியது.

உவர்மலையில் வேன் ஏறியதிலிருந்து மகளின் வீட்டு வாசலில் இறங்கும்வரை முப்பத்தேழு மணித்தியாலங்கள். ஹபரணைப் பாதையில் யானைக்காகக் காத்திருந்தது வேறு. அந்த ஆனி மாதத்தில் எங்களுக்கும் அவர்களுக்கும் ஒன்பதரை மணித்தியால வித்தியாசம். இங்கே காலை எட்டு என்றால் அங்கே முதல்நாள் இரவு பத்தரை. குளிசை நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அங்கத்தைய மணிக்கூட்டுக்கு மாற்றிவிட்டேன். அதில் நான் பிழை விடவில்லை. பிழை சாப்பாட்டில் நடந்தது. மனைவியின் வயிறு இன்னும் திருகோணமலை நேரத்தில்தான் இருந்தது. பகலில் நித்திரை, நடுச்சாமத்தில் விழிப்பு, இடையில் ஒரு பால்தேநீரும் இரண்டு பிஸ்கட்டும். குளிசை மட்டும் நேரம் தவறாமல் உள்ளே போய்க்கொண்டிருந்தது. "சாப்பிடாமல் இதைப் போடக்கூடாது அம்மா" என்று ஊரெல்லாம் சொன்ன வாய் இது. வீட்டில் சொல்ல மறந்துவிட்டது.

ஆறாம் நாள் மருமகன் என்னை நயாகரா பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார். "எனக்கு நித்திரை வருகிறது, நீங்கள் போய்விட்டு வாருங்கள்" என்றார் மனைவி. இன்னும் அரை மணித்தியால ஓட்டம் இருக்கும்போது மகளிடமிருந்து தொலைபேசி. அம்மாவுக்கு வியர்த்துக் கொட்டுகிறது, கையெல்லாம் நடுங்குகிறது, தன்னைப் பெரியம்மாவின் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார் என்றாள். 911-ஐ அழைத்துவிட்டாளாம். அம்புலன்ஸ்காரர்கள் விரலில் குத்திப் பார்த்து "இரண்டு தசம் நான்கு" என்றார்கள். அவளுக்கு அந்த எண் பிடிபடவில்லை. அம்மாவின் சீனி நூற்றிருபது, நூற்றறுபது என்றுதான் அவள் சிறு வயதிலிருந்து கேட்டிருக்கிறாள். இலங்கையிலும் இந்தியாவிலும் நாம் சொல்வது மில்லிகிராம் கணக்கு. கனடாவிலும் பிரித்தானியாவிலும் மில்லிமோல் கணக்கு. அவர்களுடைய எண்ணைப் பதினெட்டால் பெருக்கினால் நம்முடையது வரும். 2.4 என்பது நமக்கு 43. எழுபதுக்குக் கீழே போனாலே உடனே சீனித் தண்ணீர் கொடுக்க வேண்டும். அவர்கள் குளுக்கோஸ் ஏற்றினார்கள். வைத்தியசாலைக்குப் போகும் வழியிலேயே மனைவி கண் விழித்துவிட்டார்.

அதற்குப் பிறகுதான் உண்மையான சிக்கல் தொடங்கியது.

ஒரு தாதி நான்கு உறைகளையும் தட்டில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு குளிசையை எடுத்து வெளியே வைத்தார். பிறகு மகளைப் பார்த்தார். மகள் என்னைத் தொலைபேசியில் பார்த்தாள்.

"அப்பா, இந்த வட்டமான வெள்ளைக் குளிசை எது?"

"எந்த வெள்ளை? நான்குமே வட்டம், நான்குமே வெள்ளை."

கமராவைக் கிட்டக் கொண்டுவந்து ஒவ்வொன்றாகக் காட்டினாள். படம் ஆடியது, மருமகன் வேறு மணிக்கு நூறு கிலோமீற்றரில் திரும்பி ஓட்டிக்கொண்டிருந்தார். சின்னது அஸ்பிரின், அது தெரிந்தது. நடுவில் கோடு போட்டது ஒன்று. மற்ற இரண்டில் எது எது என்று அந்த ஆட்டத்தில் என்னால் சத்தியம் செய்து சொல்ல முடியவில்லை. அந்த நாட்டுக் குளிசைகளில் எழுத்தும் எண்ணும் பொறித்திருக்கும். அதைக் கணினியில் தட்டினால் பெயர் வந்து விழும். எங்களுடையவை சுத்த வெள்ளை. முப்பத்தொரு ஆண்டு அனுபவம் அந்த இடத்தில் ஒரு சதத்துக்கும் உதவவில்லை.

பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது, ஆள்தான் கண் விழித்துவிட்டாரே என்று கேட்கலாம். நீரிழிவுக் குளிசைகளில் மெட்போமின் மட்டும் போடுகிறவருக்குச் சாதாரணமாகச் சீனி இந்த அளவுக்கு இறங்காது. கிளிக்ளசைட் வேறு சாதி. வயிற்றில் சாப்பாடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் கணையத்தைத் தட்டி இன்சுலினை வெளியே அனுப்பிக்கொண்டிருக்கும். ஒருமுறை குளுக்கோஸ் ஏற்றி எழுப்பிவிட்டாலும் சில மணித்தியாலத்தில் மறுபடி கீழே இழுத்துவிடும். வயதானவருக்கு, சிறுநீரகம் கொஞ்சம் தளர்ந்தவருக்கு இன்னும் நீளும். ஆகவே சாப்பாடு கொடுத்து வீட்டுக்கு அனுப்புவதா, இரவு முழுதும் வாட்டில் வைத்து மணிக்கொரு தடவை விரலைக் குத்துவதா என்பதை அந்தக் குளிசையின் பெயர்தான் முடிவு செய்ய வேண்டியிருந்தது. எவ்வளவு போடுகிறார் என்பதும் தெரிய வேண்டும்.

அப்போது திருகோணமலையில் இரவு ஒன்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. சாவி பக்கத்து வீட்டில் இருந்தது. அந்த வீட்டுப் பையன் டோர்ச் லைட்டோடு போய், சுவாமி அறை அலுமாரியின் மேல்தட்டில் கொப்பியைக் கண்டுபிடித்து, பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினான். கடைசிக்கு முந்தைய பக்கத்தில் இருந்தது: கிளிக்ளசைட் 40 மில்லிகிராம் என்பதை வெட்டி 80 என்று எழுதி, பக்கத்தில் சிறு கையொப்பம், திகதி. நாங்கள் புறப்படுவதற்கு ஐந்து வாரத்துக்கு முன்னைய திகதி. அங்கிருந்த வைத்தியர் அதை மகளின் கைப்பேசியில் பெருப்பித்துப் பார்த்துவிட்டு, "இன்று இவர் இங்கேதான்" என்றாராம். அன்று இரவு மனைவியின் சீனி இரண்டு தடவை மறுபடி இறங்கியது. மறுநாள் பின்னேரம் வீட்டுக்கு வந்தார். கைப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு முதலில் கேட்டது, "நயாகரா எப்படி?" நான் இன்றுவரை அதைப் பார்க்கவில்லை.

இனிக் காப்புறுதிக் கதை. பெற்றோரை நீண்ட காலத்துக்கு அழைக்கும் சூப்பர் விசாவுக்குக் குறைந்தது ஒரு இலட்சம் டொலர் மருத்துவக் காப்புறுதி எடுத்தே ஆக வேண்டும். நாங்கள் போனது சாதாரண வருகை விசா. கட்டாயம் எதுவும் இல்லை. ஆனாலும் மகள் காசு கட்டி எடுத்திருந்தாள். படிவத்தை நிரப்பும்போது என்னிடம் தொலைபேசியில் கேட்டாள்: "அப்பா, அம்மாவுக்குப் புதிதாக ஏதும் வருத்தம் வந்ததா?" இல்லை என்றேன். சத்தியமான பதில். ஆனால் படிவம் கேட்டது அதை அல்ல. கடந்த 180 நாளில் ஏதாவது மருந்து சேர்க்கப்பட்டதா, நிறுத்தப்பட்டதா, அளவு கூடியதா குறைந்ததா என்று கேட்டிருந்தது. அப்படி மாறியிருந்தால் அந்த நோய் "நிலையானது" இல்லையாம். நிலையில்லாத பழைய நோயால் வரும் எந்தச் செலவையும் அவர்கள் தரமாட்டார்களாம். வைத்தியரைக் கரையேற்றிய அதே பக்கத்தைக் காப்புறுதிக்காரரும் கேட்டு வாங்கினார்கள். வெட்டிய 40-ஐயும் எழுதிய 80-ஐயும் பார்த்தார்கள். கோரிக்கை நிராகரிக்கப்பட்டதாக இரண்டு பக்கக் கடிதம் வந்தது. வைத்தியசாலையில் சேர்ந்த 24 மணித்தியாலத்துக்குள் தங்களுக்கு அறிவிக்கவில்லை என்ற இன்னொரு காரணமும் அதில் இருந்தது. அறிவிக்க வேண்டிய தொலைபேசி எண் மகளின் மின்னஞ்சலில் எங்கோ கிடந்தது. கைக்குழந்தையும் மயங்கிய தாயும் இருக்கும் வீட்டில் யார் அதைத் தேடுவது?

ஒரு பகல், ஒரு இரவு, மறுநாளில் பாதி. நாலாயிரத்து முந்நூறு டொலருக்குச் சற்று மேல் வந்தது. அம்புலன்ஸுக்கு 240 டொலர் தனி. அங்கத்தைய அரச மருத்துவத் திட்டம் அங்கே குடியிருப்பவர்களுக்குத்தான்; விருந்தாளிக்கு இல்லை. நம் நாட்டில் 1990-ஐ அழைத்தால் சுவசெரிய வண்டி வந்து இலவசமாக ஏற்றிப் போகிறது. பெரியாஸ்பத்திரியில் பில் என்ற சொல்லையே கேட்காமல் வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பழக்கத்தோடு விமானம் ஏறுகிறோம்.

ஒரு பழைய ஞாபகம் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், சீசன் காலத்தில், உப்புவெளியில் மோட்டார் சைக்கிளோடு விழுந்த ஒரு வெள்ளைக்காரப் பையனை நான் வேலை பார்த்த இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். முழங்கால் முழுதும் மணலும் இரத்தமும். இருபது வயது இருக்கும். பணப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினான். இரத்த வகை, பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது என்ற எச்சரிக்கை, கடைசியாக ஏற்பு (டெட்டனஸ்) தடுப்பூசி போட்ட திகதி, காப்புறுதி நிறுவனத்தின் தொலைபேசி எண், தாயின் எண். எல்லாம் தட்டச்சில். இந்த வயதில் இவனுக்கு இவ்வளவு பயமா என்று நாங்கள் உள்ளே போய்ச் சிரித்தோம். அன்று வைத்தியர் அவனுக்கு எழுதவிருந்தது பெனிசிலின் குடும்பத்து மருந்து. காகிதத்தைப் பார்த்துத்தான் மாற்றினார். அதை நான் கண்ணால் கண்டவன். கண்டும் என் மனைவிக்கு அப்படியொரு காகிதம் எழுதவில்லை.

அந்தக் காகிதம்தான் என் கோரிக்கை. கிளினிக்குகளில் யாராவது "வெளிநாடு போகிறேன்" என்று சொன்னால் ஒரேயொரு பக்கம் எழுதிக் கொடுங்கள்: நோய்களின் பெயர், ஒவ்வொரு மருந்தின் பொதுப் பெயர், மில்லிகிராம் அளவு, எத்தனை வேளை, கடைசியாக அளவு மாறிய திகதி, ஒத்துக்கொள்ளாத மருந்து. கீழே வைத்தியரின் கையெழுத்து, முத்திரை. ஆங்கிலத்தில் இருக்கட்டும். வரிசையின் நீளம் எனக்குத் தெரியாததல்ல. ஒரு வைத்தியர் காலை முழுவதும் எத்தனை கொப்பி புரட்டுகிறார் என்று அடுத்த அறையில் இருந்து பார்த்தவன் நான். ஆகவே நோயாளியே அதை எழுதியோ தட்டச்சுச் செய்தோ கொண்டுபோகட்டும். வைத்தியர் சரிபார்த்து ஒப்பமிட்டால் போதும். எனக்குப் பின் கவுண்டரில் நிற்கும் தம்பி தங்கைகளிடமும் கேட்கிறேன்: அந்த நோயாளியின் உறைகளிலாவது மருந்தின் பெயரை முழுதாக எழுதுங்கள். மெட்போமினை எம்.டி.எஃப். என்று சுருக்கினால் ஸ்காபரோவில் யாருக்கும் விளங்காது. முடிந்தால் நிறுவனத்தின் அட்டையோடு, பெயர் அச்சிட்ட பட்டையாகவே கொடுங்கள்.

பொதுப் பெயர் என்று நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. நாம் பனடோல் என்பதை அங்கே டைலனோல் என்று விற்கிறார்கள். பெட்டியில் பரசிற்றமோல் என்றுகூட இருக்காது, அசெற்றமினோபென் என்றிருக்கும். எல்லாம் ஒரே மருந்து. ஊரிலிருந்து கொண்டுபோனதையும் போட்டு, காய்ச்சல் விடவில்லையென்று அங்கே வாங்கியதையும் போட்டால் ஈரல்தான் கணக்குத் தீர்க்கும்.

வளைகுடாவுக்கு வேலைக்குப் போகும் பெண்களுக்கு இது இன்னும் பெரிய விடயம். மூதூரிலும் கிண்ணியாவிலும் எத்தனை வீடுகளில் அப்படி ஒருவர் இருக்கிறார் என்று நான் சொல்லத் தேவையில்லை. இடுப்பு நோவுக்கு இங்கே எழுதிக் கொடுக்கும் டிரமடோல், கொடெய்ன் கலந்த மருந்து, நரம்பு நோவுக்கான பிரீகபலின் ஆகியவை ஐக்கிய அரபு அமீரகத்தில் கட்டுப்பாட்டுக்குள் இருக்கும் மருந்துகள். முன்அனுமதியும் வைத்தியரின் கடிதமும் இல்லாமல் கொண்டுபோனால் விமான நிலையத்திலேயே பிடித்து வைப்பார்கள். பெயரில்லாத காகித உறையில் வெள்ளைக் குளிசை நூறு இருந்தால் அந்த அதிகாரி என்ன நினைப்பார்? வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற எண்ணை, அங்கத்தைய அம்புலன்ஸ் எண்ணோடு சேர்த்து, கைப்பேசியில் மட்டும் போடாமல் காகிதத்திலும் எழுதி வைத்திருக்க வேண்டும். சவூதியில் அம்புலன்ஸ் 997, அமீரகத்தில் 998, கட்டாரில் 999. கைப்பேசியை எசமானி வாங்கி வைத்துக்கொள்ளும் வீடுகளும் உண்டு.

ஹஜ் போகிறவர்களைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன். மூளைச்சவ்வுக் காய்ச்சல் (மெனிஞ்சைட்டிஸ்) தடுப்பூசி போட்ட சான்றிதழ் இல்லாமல் சவூதி விடாது என்பதால் அவர்கள் ஒழுங்காகப் போட்டுக்கொண்டு, கடதாசியோடு போகிறார்கள். நம்முடைய காசி, இராமேஸ்வர யாத்திரைக்காரர்களிடம் திருநீற்றுப் பொட்டலம் மறக்காது இருக்கும். மற்றதெல்லாம் இறைவன் பார்த்துக்கொள்வார். தமிழ்நாட்டில் 108 அடித்தால் அம்புலன்ஸ் வரும் என்பதைக்கூட எங்கள் யாத்திரைக் குழுவில் போன பாதிப்பேர் அறியவில்லை.

இன்னொன்று, திரும்பி வந்த பிறகு. என் இளமையில் இந்த மாவட்டத்தில் மலேரியா வராத வீடு கிடையாது. குளோரோகுயினின் கசப்பு இன்னும் என் நாக்கில் இருக்கிறது. 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது. நல்லதுதான். ஆனால் அந்தக் காய்ச்சலைப் புத்தகத்தில் மட்டும் படித்த இளம் வைத்தியர்கள் இப்போது வந்துவிட்டார்கள். இந்தியாவிலும் ஆபிரிக்க நாடுகளிலும் அது இன்னும் இருக்கிறது. ஆபிரிக்காவுக்குப் போகிறவர்கள் புறப்படுமுன் மலேரியா தடை இயக்கத்தைக் கேட்டால் தடுப்புக் குளிசையை இலவசமாகவே தருவார்கள். வந்து சில வாரங்களில் காய்ச்சல் கண்டால், டெங்கு என்று இரத்தம் கொடுக்கும்போதே "நான் இன்ன நாட்டுக்குப் போய் வந்தேன்" என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். கேட்காமல் சொல்வது நமக்குப் பழக்கமில்லை என்றாலும் சொல்ல வேண்டும்.

காப்புறுதி எடுப்பவர்களுக்கு: படிவத்தைப் பிள்ளைகள் தனியாக நிரப்ப விடாதீர்கள். கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வியை வரிக்கு வரி வாசிக்கச் சொல்லுங்கள். அளவு மாறியிருந்தால் மாறியது என்றே எழுதுங்கள். கூடுதலாகக் கட்டச் சொல்வார்கள், அல்லது அந்த நோயை விட்டுவிட்டுத் தருவார்கள். எதுவாயினும் போகுமுன் தெரிந்துவிடும். புறப்படும் நாள் நிச்சயமானால் கிளினிக் வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. மாற்ற வேண்டிய மருந்தை அவர் வேளைக்கே மாற்றுவார். காப்புறுதிக்காக வேண்டிய மாற்றத்தைத் தள்ளிப்போடுங்கள் என்று நான் சொல்லவில்லை.

வரும் செவ்வாய் மனைவிக்குக் கிளினிக் நாள். நான் சொன்ன அந்த ஒரு பக்கத்தைப் பக்கத்து வீட்டுப் பையன் கணினியில் அடித்துத் தந்திருக்கிறான். கிளிக்ளசைட் இப்போது மறுபடி 40. இரண்டு பிரதி எடுத்துக் கொப்பிக்குள் வைத்திருக்கிறேன், ஒன்று ஒப்பமிட, ஒன்று வைத்தியர் விரும்பினால் மற்ற நோயாளிகளுக்கு மாதிரியாக வைத்துக்கொள்ள. வைத்தியசாலைப் பில்லில் மருமகனுக்கு இன்னும் நான்கு தவணை மிச்சம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.